ஆறிப்போன ஸ்லைடு

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் லேப் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு ஏதாவது சொல்லச் சொன்னாயே, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெண் வந்தாள். மாதக்கணக்காக வெள்ளைப்படுதல், அரிப்பு. வேறொரு இடத்தில் ஸ்லைடு பார்த்து 'ட்ரைக்கோமோனாஸ் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தால், காலையில் எடுத்த சாம்பிளை மதியம்தான் பார்த்தார்களாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடலுறவால் தொற்றும் அந்த ஒட்டுண்ணியை நாம் ஸ்லைடில் அடையாளம் காண்பதே அதன் துடிப்பை வைத்துத்தானே? ஆறிப்போனால் அசைவு நின்று, வெள்ளணுவோடு வெள்ளணுவாகக் கிடக்கும்.

பஞ்சுக்குச்சியால் புதிதாக ஸ்வாப் எடுத்து, ஒரு சொட்டு சலைனில், அதாவது உப்புநீரில் கலந்து, பத்து நிமிஷத்துக்குள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ஓரத்தில் வெள்ளணுக் கூட்டம் லேசாக ஆடியது. நடுவே பேரிக்காய் வடிவத்தில் ஒன்று, வெட்டி வெட்டி இழுத்தபடி நகர்ந்தது. 1836இல் பாரிஸில் டோனே என்ற மருத்துவர் முதன்முதலில் கண்டு எழுதியதும் இதைத்தான்.

ஆனால் உடனே பார்த்தாலும் ஸ்லைடில் பாதிக்குப் பாதி தப்பிவிடும், மாலதி. உன் மகள் இதை மறக்கவே கூடாது. ஸ்லைடில் தெரிந்தால் நோய் உண்டு. தெரியாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பிசிஆர் மாதிரி மரபணுவைத் தேடும் சோதனைக்கு ஒட்டுண்ணி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும். அதனாலேயே சிகிச்சை முடிந்த கையோடு அதைச் செய்யக் கூடாது. செத்ததன் மிச்சத்தையும் 'இருக்கிறது' என்று காட்டும். மூன்று வாரமாவது போகட்டும். பெண்களுக்கு மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பது நல்லது, திரும்ப வருவது அவ்வளவு சகஜம்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "இது யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று தெரியுமா?" எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது என்றேன். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கலாம். கணவருக்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். ஆண்களிடம் ஸ்லைடை நம்பவே முடியாது. டாக்டர் இருவருக்கும் சேர்த்து, இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதினார். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி தொற்றிக்கொள்ளும். சேர்ந்தே வந்து மாத்திரை வாங்கிப் போனார்கள். எனக்கு அப்போதுதான் நிம்மதி.

லீவில் மகளை அனுப்பு. துடிக்கும்போதே ஒன்றைக் காட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
சாந்தி