நின்றால் ஏன் நின்றது என்று சொல்லட்டும்: டிரையர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

துணி உலர்த்தும் டிரையர்களை வடிவமைத்து, விற்று, சர்வீஸ் செய்யும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

"டிரையர் பாதியில் நின்றுவிடுகிறது, துணி ஈரமாகவே இருக்கிறது" என்ற புகார் உங்களுக்குப் புதிதில்லை. உங்கள் கஸ்டமர் கேர் எண்ணுக்கு இது எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பிரச்சினையை முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

என் அம்மா 14 மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். இரவில் ஒரு முறையாவது விரிப்பை மாற்ற வேண்டியிருக்கும். சில இரவுகளில் மூன்று முறை. எத்தனை விரிப்புகள் வாங்கி வைத்தாலும் ஒரு மோசமான இரவில் அத்தனையும் தீர்ந்துவிடும். டிரையர் வாங்கியதே அந்த இரவுகளுக்காகத்தான்.

அப்படி ஒரு இரவில், மணி இரண்டு இருக்கும், கடைசி விரிப்பையும் இரண்டு தலையணை உறைகளையும் துவைத்து டிரையரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் துணி காய்ந்துவிட்டதாக மெஷின் இசைத்தது. திரையில் "முடிந்தது" என்று வந்தது. கதவைத் திறந்தால் விரிப்பு முறுக்கிச் சுருண்டு ஒரு பந்தாகக் கிடந்தது. வெளிப்பக்கம் தொட்டால் நல்ல சூடு. பந்துக்குள் கையை விட்டேன். நடுவில் ஒரு தலையணை உறை சிக்கிக்கொண்டு, சில்லென்று, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தது. உதறிப் பிரித்துத் திரும்பப் போட்டேன். 11 நிமிடத்தில் அதே இசை, அதே "முடிந்தது". மறுபடி உதறிப் போட்டேன். மறுபடியும் அதே.

பக்கத்து அறையில் தங்கை அம்மாவை ஒருக்களித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். "இன்னும் காயலையா?" என்று அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற தயக்கத்தோடு கேட்டார். நான்காவது முறையும் மெஷின் நின்றபோது, தொட்டால் காய்ந்ததுபோலத் தெரிந்த விரிப்பை எடுத்துக்கொண்டுபோய் விரித்தோம். அது முழுதாகக் காயவில்லை. காலையில் அம்மாவின் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், தோல் சிவந்திருந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ் பார்த்த உடனே விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் பிய்ந்துவிடும், படுக்கைப் புண் வர அதுவே போதும் என்றார். நல்லவேளை, மூன்று நாளில் சிவப்பு அடங்கியது. அந்த மூன்று நாளும் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை இங்கே எழுதவில்லை.

சர்வீசுக்குச் சொன்னோம். முதலில் வந்தவர், மெஷினில் துணியை அதிகமாகத் திணிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு விரிப்பும் இரண்டு உறைகளும்தான் போட்டோம் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று அதை மாற்றினார். அன்று இரவே மெஷின் பழையபடி நின்றது.

மூன்றாவதாக வந்தவர் வயதில் பெரியவர், நிதானமானவர். முன்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினால் மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும், எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருந்தது. அவர் அந்த வரிசையில் அழுத்தினார். "முடிந்தது" என்பதைத் தவிர வேறொன்றும் காட்டாத அதே திரையில் எண்கள் ஓடின. ஈரமான துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, டிரம்மின் வாய்ப்பக்கம், துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டிக்கு அருகே இருந்த, விரல் நீளமான இரண்டு உலோகப் பட்டைகளின் மேல் வைத்தார். எண் மாறவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தப் பட்டைகளை அழுத்தித் தேய்த்தார். பஞ்சு பழுப்பாகி, மெழுகுபோல் ஒரு படலம் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி ஈரத்துணியை வைத்தார். எண் மாறியது.

அவ்வளவுதான். அந்த இரவு எங்களை அலைக்கழித்தது அந்த மெழுகுப் படலம்தான். பட்டைகளில் ஈரத்துணி பட்டதாகவே பதிவாகவில்லை என்பது மெஷினுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைப் படிக்க வழிசொல்லும் தாளும் மெஷினுக்குள்ளேயே இருந்தது. எங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தப் பட்டைகள்தான் ஈரத்தை உணரும் சென்சார். அவை எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரத்துணி இரண்டு பட்டைகளையும் ஒருசேரத் தொடும்போது அதன் வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாயும். காய்ந்த துணியில் பாயாது. டிரம் சுற்றச் சுற்ற இந்தத் தொடுதல்கள் குறைந்துகொண்டே வந்தால், துணி காய்ந்துவிட்டது என்று மெஷின் முடிவுகட்டும். துணியை மென்மையாக்க நாம் சேர்க்கும் திரவமும் டிரையரில் போடும் வாசனைத் தாள்களும் நாளடைவில் பட்டைகளின் மேல் படிந்து அந்த மின்சாரத்தைத் தடுத்துவிடும். துணி குறைவாக இருந்தால் அது பட்டைகளில் அடிக்கடி படாது, அப்போதும் இதே தவறு நடக்கும். விரிப்பு பந்தாகச் சுருண்டால் வெளிப்பக்கம் மட்டுமே பட்டையில் படும். துவைக்கும் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவாக இருந்தால் ஈரத்துணியில்கூட மின்சாரம் சரியாகப் பாயாது. இதைச் சரிக்கட்ட உங்கள் மாடல்கள் சிலவற்றில் ஒரு அமைப்பே இருக்கிறது. அது கையேட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சென்சார் பார்க்காமல், நேரம் குறித்து ஓடும் முறையில் வைத்தால் துணி நன்றாகக் காய்கிறதா என்று பார்த்தாலே போதும். காய்ந்தால் சூட்டிலும் காற்றிலும் குறையில்லை, சென்சாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு வரியை முதல் நாளே போனில் யாராவது சொல்லியிருந்தால், மாற்றத் தேவையே இல்லாத ஒரு போர்டை மாற்றியிருக்க மாட்டோம்.

ஆகவே என் கோரிக்கை: மெஷின் நின்றால், ஏன் நின்றது என்று சொல்லட்டும்.

பட்டைகளைத் துடைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்தோம். ஆறு வாரம் கழித்து மறுபடி நின்றது. இம்முறை இசை இல்லை. ஓட்டத்தின் நடுவிலேயே அடங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அழுத்தினால் எதுவும் நடக்காததுபோல ஓடியது. இப்போது எனக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்ததால் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சூடான ஈரக்காற்றை வெளியே விடும் குழாய், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. இணைப்பைக் கழற்றியதும், சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சு அப்படியே வெளியே வந்தது. கையில் வாங்கினால் எடையே இல்லை, ஆனால் கதகதப்பாக இருந்தது. காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே சூடு ஏறியிருக்கிறது. மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது, ஆறியதும் ஓடியிருக்கிறது.

நின்றது நல்லதுதான். அந்தப் பாதுகாப்பை வைத்த உங்கள் பொறியாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அது எங்களுக்கு எதையும் சொல்லவில்லையே. முக்கால் மணி நேரத்தில் மெஷின் மறுபடி ஓடினால் எந்த வீட்டிலும் என்ன செய்வார்கள்? ஓட்டுவார்கள். உள்ளே அந்தப் பஞ்சை வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வைத்து, அங்கே வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடப்பதாகச் சொன்னது. காரணங்களில் முதலிடம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமல் விட்டது. சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று மெஷின் சொல்லியிருந்தால் அவற்றில் எத்தனை தவிர்க்கப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நின்றுபோக வேறு காரணங்களும் உண்டு. கதவின் சுவிட்ச் தேய்ந்து, அதிர்வில் கதவு திறந்ததாக மெஷின் நினைத்துக்கொள்ளும். குழாய் இல்லாமல், ஈரத்தைத் தண்ணீராக்கிச் சேர்க்கும் மாடல்களில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், அல்லது தண்ணீரை ஏற்றும் பம்பில் பஞ்சு அடைத்திருக்கும். கேஸில் ஓடும் மெஷின்களில் கேஸைத் திறந்துவிடும் வால்வின் மின்கம்பிச் சுருள் சூடேறியதும் பலமிழந்து, முதல் முறை பற்றிய தீ அடுத்த முறை பற்றாது. டிரம் சுற்றும், காற்று ஆறிப்போகும். சூடு அளவு மீறினால் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் உருகினால் சில மாடல்கள் மொத்தமாக நின்றுவிடும், சிலவற்றில் சூடு மட்டும் வராது. இந்த ஃபியூஸ் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். அது ஏன் உருகியது என்று பார்க்காமல் புதிதை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடைப்பு எடுக்காதவரை அதுவும் உருகும். வெறுத்துப்போய் அந்த இடத்தில் ஒயரை இணைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தீப்பிடிக்காமல் தடுக்கும் கடைசித் தடுப்பு அதுதான்.

இத்தனை காரணங்களுக்கும் வீட்டில் இருப்பவர் கண்ணில் படுவது ஒன்றே ஒன்று: நின்றுபோன மெஷின், ஈரத்துணி. கையேட்டைப் புரட்டினால் "சேவை மையத்தை அணுகவும்" என்ற வரி. அணுகினால் முதல் ஆள், இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் ஒவ்வொரு வருகைக்கும் ஒருவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இது டிரையரோடு நிற்கவில்லை. வீட்டில் உள்ள எந்த மெஷினை எடுத்தாலும் இதே கதைதான். முடிந்தால் பாட்டுப் பாடுகிறது, போனுக்குச் செய்தி அனுப்புகிறது, எண்ணி மாளாத புரோகிராம்கள் வைத்திருக்கிறது. பழுதானால் மட்டும் வாய் திறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் டிரையர் விதிகளின்படி உதிரிபாகங்கள் 10 ஆண்டுகளுக்காவது கிடைக்க வேண்டும், பழுதுபார்க்கும் விவரங்களைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு செய்ய முடிந்ததை, சட்டம் வராத இடங்களிலும் செய்யலாமே? வாங்குகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தா அவருக்கு உண்மையைச் சொல்வீர்கள்?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கதவு மூடியிருக்கிறதா, உள்ளே சூடு எவ்வளவு ஏறியது, பட்டைகளில் துணி எத்தனை முறை பட்டது என்பதெல்லாம் எலக்ட்ரானிக் மெஷின்களில் போர்டுக்கு ஏற்கெனவே தெரியும். அதை எழுத்தில் காட்டுங்கள். "சென்சாரில் துணி படவில்லை, பட்டைகளைத் துடைக்கவும்" என்று ஒரு வரி. "காற்று போகவில்லை, குழாயைப் பார்க்கவும்" என்று ஒரு வரி. துணி போட்டுப் பத்தே நிமிடத்தில் காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் மெஷினே கொஞ்சம் சந்தேகப்படட்டும். உண்மையில் காய்ந்தபோது வரும் இசையும், காயாமல் நின்றபோது வரும் இசையும் வேறாக இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அந்த வித்தியாசமே பெரிய உதவி.

விவரம் சொன்னால் மக்கள் தாங்களே மெஷினைக் கழற்றி ஆபத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்று நீங்கள் தயங்கலாம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பட்டைகளைத் துடைக்க ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். பஞ்சு வடிகட்டியின் வலையிலும் அதே மெழுகுப் படலம் அடைத்திருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தண்ணீர் இறங்காமல் தேங்கினால் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் கழுவி, காயவைத்து மாட்டினால் போதும். ஃபியூஸ், மோட்டார், கேஸ் வால்வு என்றால் "மெக்கானிக்கைக் கூப்பிடவும்" என்றே சொல்லுங்கள், கூப்பிடுகிறோம். என்ன கோளாறு என்று தெரிந்து கூப்பிட்டால் வருகிறவரும் சரியான பாகத்தோடு முதல் தடவையே வருவார்.

புதிய மாடல்களுக்கு மட்டும் என்றும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே எங்கள் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் திரையை மாற்ற முடியாது, தெரியும். தகட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை எல்லோரும் எடுத்துப் படிக்கிற மாதிரி, எளிய மொழியில், மாடல் வாரியாக வெளியிடுங்கள். நின்றால் ஏன் நின்றது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், பணிவோடுதான் கேட்கிறேன்.

அந்தப் பெரியவரிடம் அனுமதி கேட்டு எங்கள் மெஷினின் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பெரிய எழுத்தில் அச்சடித்து டிரையருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு டப்பாவில் பஞ்சும் ஸ்பிரிட்டும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை பட்டைகளைத் துடைக்கிறாள். விரிப்பு போட்டால் பாதி ஓட்டத்தில் ஒருமுறை நிறுத்தி, உதறிப் போடுகிறோம். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மெஷினை நம்பி இரவு விழித்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து