பாதி குச்சியில், பாதி பெட்டியில்

சாத்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலோகங்களின் வேதிப் பண்புகளை எப்படி நடத்துவது என்று போனில் கேட்டாய். எட்டாம் வகுப்போடு நின்றவரிடம் கேட்கிறாளே என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கியவன் நான். பரணில் கிடந்த உன் பழைய புத்தகத்தையும் எடுத்துப் படித்துவிட்டேன்.

அலோகம், அதாவது உலோகம் அல்லாதது என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து நம் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல இருக்கிறது. அட்டவணையை விடு, ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போ.

குச்சியின் தலையில் கந்தகம், பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு, வச்சிரப் பசை, கண்ணாடித்தூள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். உரசும் சூட்டில் அதில் துளியூண்டு வெள்ளை பாஸ்பரசாகிப் பற்றும். குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்க, கந்தகம் எரியும். மூக்கில் ஏறும் அந்த நெடிதான் கந்தக டை ஆக்சைடு. கண்ணின் ஈரத்தில் கரைந்து அமிலமாவதால்தான் கண் எரிகிறது. ஈர நீல லிட்மஸ் தாளைப் புகையில் பிடித்தால் அமிலம் பட்டுச் சிவக்கும். மக்னீசியம் நாடாவை எரித்த சாம்பலோ காரம் என்பதால் ஈரச் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். உலோக ஆக்சைடு, அலோக ஆக்சைடு வித்தியாசத்தைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

அலோகம் எலக்ட்ரானை வாங்கும் என்று புத்தகம் சொல்கிறது. சோடியத்திடம் குளோரின் வாங்குவது சரி. ஆனால் ஆக்சிஜனிடம் மாட்டினால் கந்தகமும் பாஸ்பரசும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வல்லவனுக்கு வல்லவன் உண்டு என்று இதையும் சொல்லிவிடு, இல்லாவிட்டால் மேல்வகுப்பில் குழம்புவார்கள்.

சோடியத்தை மண்ணெண்ணெயில் போட்டு வைக்கிறோம், தண்ணீர் பட்டால் சீறும். வெள்ளை பாஸ்பரசைத் தண்ணீருக்குள்ளேயே வைக்கிறோம். தண்ணீரை அது சட்டை செய்யாது, காற்றுதான் ஆகாது. 30 டிகிரிச் சூடே போதும், நம் ஊர் வெயிலில் தானாகவே பற்றிக்கொள்ளும். சிவப்புக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே தனிமம்.

அந்த வெள்ளையில்தான் ஒரு காலத்தில் தீக்குச்சி செய்தார்கள். அதன் புகை பட்டுப் பட்டு வேலையாட்களின் தாடை எலும்பே அழுகியது. 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடித் தடைக்கு ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. சிவகாசிப் பக்கம் இந்தத் தொழில் வந்ததே 1920களில்தான். கலியாணத்துக்கு முன்பு பெட்டி ஒட்டிய உன் ஆச்சியின் தாடை கடைசிவரை முறுக்கு கடித்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், குளோரேட்டையும் சிவப்பு பாஸ்பரசையும் கலந்து காட்டச் சொல்லி எந்த வாண்டாவது கேட்டால் காதிலேயே வாங்காதே. உலர்ந்த நிலையில் இரண்டும் சேர்ந்தால் லேசாக உரசினாலே வெடிக்கும். ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலும் பிரித்து வைத்தது அதனால்தான். என் இடது புருவம் ஏன் பாதிதான் இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாயே, இரண்டு டப்பாவுக்கும் ஒரே கரண்டியைப் போட்ட நாள் அது. அம்மாவிடம் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனில் உளறிவிடாதே.

அன்புடன்
அப்பா