எங்கள் அன்பியத்தின் (ஒரே கோவிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) 2025ஆம் ஆண்டறிக்கை

இயேசுவுக்கே புகழ்! பங்குத்தந்தை அவர்களுக்கும், ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கும், வந்திருக்கும் குடும்பங்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன்.

மாதக் கூட்டம் 12இல் 10 நடந்தது. அக்டோபர் செபமாலை வீடு வீடாகச் சொன்னோம். கருமத்தம்பட்டி மாதா கோவிலுக்கு வேனில் போய் வந்தோம். கிறிஸ்துமஸ் குடில் வழக்கம்போல்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவக்காலம் தொடங்கும் மார்ச் 5 திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவதற்காக, போன வருடக் குருத்து ஞாயிறன்று வாங்கிய குருத்தோலைகளை எரித்துச் சாம்பலாக்கும் வேலையைப் பங்கில் நம்மிடம் கொடுத்தார்கள். 26 வீடுகளுக்கும் சொன்னேன். இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடப்பதை எடுத்துத் தருவதுதான் வேலை. 9 வீட்டு ஓலை வந்தது. மொட்டை மாடியில் இரும்புச் சட்டியில் எரித்து, ரவைச் சல்லடையில் இரண்டு தடவை சலித்தேன். அத்தனை ஓலைக்கும் ஒரு டம்ளர் சாம்பல். அந்தச் சல்லடையை என் மனைவி இன்னும் சமையலறைக்குள் விடவில்லை.

அப்புறம், நான் கொண்டுவந்த திட்டம். ஞாயிறுகளை நீக்கினால் தவக்காலம் 40 நாள். கடையில் 40 பக்க நோட்டு கிடைக்கிறது. ஆண்டவரே பார்த்து அமைத்தது என்று நினைத்து, வீட்டுக்கு ஒரு நோட்டும் மண் உண்டியலும் கொடுத்தேன். ஒருசந்தி (ஒருவேளை உணவு), சுத்தபோசனம் (கறி தவிர்ப்பது) இவற்றில் மிச்சமாகும் கறிக்காசு உண்டியலுக்கு. தூங்கப் போகுமுன் ஆன்ம சோதனை செய்து, நம்முடைய அன்றைய குற்றம் ஒரு வரி நோட்டுக்கு. யாருக்கும் காட்ட வேண்டாம். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் "பெரிசா ஒண்ணுமில்லீங்க சாமி" என்று நிற்காமல் இருக்கத்தான். "செயலருக்கு எல்லாத்துக்கும் நோட்டுப் போடோணும்" என்று பேச்சு வந்தது. வரட்டும்.

அடுத்து, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கும் செபம்) விஷயத்துக்கு வருவோம். சனிக்கிழமை சம்பளம் என்றால் வெள்ளியன்று பனியன் கம்பெனியில் வேலை நெருக்கும் என்று எனக்கும் தெரியும். நானும் செக்கிங்கில்தான் இருக்கிறேன். ஆனால் மூன்றாம் வெள்ளிக்கு வந்தது 3 பேர், என் வீட்டில் இரண்டு பேரையும் சேர்த்து. 14 நிலைகளில் 5 நிலைக்குச் சிலுவை என் தோளில்.

புனித வாரத்தில் என் நோட்டைப் புரட்டினேன். 'இன்று 3 பேர்தான்.' 'சந்தா கேட்டால் டிவியைச் சத்தமாக வைக்கிறார்.' 'ஏழு என்றால் ஏழே முக்காலுக்கு வருகிறார்கள்.' பக்கத்துக்குப் பக்கம் இதேதான். கம்பெனியில் அடுத்தவர் தைத்த துணியில் ஓட்டையும் கறையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், வீட்டிலும் அதையே செய்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது சொல்வதற்கு அந்த ஒன்றுதான் இருந்தது. சாமியிடம் சொல்லியாயிற்று. ஆனாலும் 3 பேர் 3 பேர்தான்.

ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் 21 திங்களன்று உண்டியல் உடைப்பதாக இருந்தோம். அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வரவே, செபமாலையோடு முடித்துக்கொண்டு, அடுத்து வந்த இறை இரக்க ஞாயிறன்று உடைத்தோம். ஓர் உண்டியலில் பனியன் பித்தான்கள் இருந்தன, குழந்தைகள் வேலை. நல்ல தொகை சேர்ந்தது. ஜூனில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தோம்.

வரவு செலவு ஏறக்குறைய சரி. கையிருப்பு சொற்பம்; விவரம் பொருளாளரிடம் உண்டு. 11 குடும்பங்களின் சந்தா ஆகஸ்டிலிருந்து நிலுவை. பெயர் வாசிக்கப் போவதில்லை. நோட்டுக்கும் உண்டியலுக்கும் நான் போட்ட கைக்காசையும் கேட்கப் போவதில்லை.

பங்குத்தந்தைக்கும், கூட்டத்துக்கு வீடு தந்தவர்களுக்கும், டீ போட்ட அக்காமார்களுக்கும் நன்றி.

செயலர் பொறுப்புக்கு யார் முன்வந்தாலும் நோட்டுகளை இன்றே ஒப்படைக்கத் தயார். போன வருடமும் இதையேதான் சொன்னேன். வருகிற பிப்ரவரி 18 திருநீற்றுப் புதன். ஓலை வாங்க இந்த முறை நானே வீடு வீடாக வருகிறேன். சந்தா நோட்டும் கையில் இருக்கும்.