நல்லாறு கேட்கும் முன்: பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாசன சபைத் தலைவர்களுக்கும், ராத்திரி டார்ச் லைட்டோடு என்கூட மடை பார்க்க வரும் அண்ணன்மார், தம்பிமார், மாமன் மச்சான் எல்லோருக்கும் வணக்கம்.

வேட்டைக்காரன்புதூர்க் கால்வாய்ப் பாசனத்தில் நாலு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கோவிந்தாபுரம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் கேரளா. தெற்கே ஆனைமலை. போன கூட்டத்தில், மலையிலிருந்து நம் பாசனத்துக்கு இன்னும் தண்ணீர் கொண்டுவரும் ஆனைமலையாறு – நல்லாறு திட்டத்தை உடனே தொடங்கச் சொல்லி ஒரு மனு சுற்றிவந்ததே, அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதன் நகலை வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கு இருந்தது, ஏக்கர் இருந்தது, கடைமடை இருந்தது. காடர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. மலசர், முதுவர், புலையர் என்று அந்த மலையின் பழங்குடிகள் யாருமே இல்லை. மலையில் மனிதர்களே வசிக்காதது போல எழுதியிருக்கிறோம்.

நம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன, பராமரிப்பது தமிழ்நாடு. அங்கிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு வந்து, மின்சாரம் எடுத்த பிறகுதான் நமக்கும் திருமூர்த்தி அணைப் பக்கத்துக்கும் பிரிகிறது. அதை நம்பி இன்று 4 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த அணைகளில் தண்ணீர் தேங்கிய இடம் காடர்கள் தேன் எடுத்த, கிழங்கு தோண்டிய காடு. பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று அணை எழும்ப எழும்ப அவர்கள் மூட்டை கட்டினார்கள். இன்று சாலக்குடி ஆற்றோரம் வாழச்சாலில் இருக்கும் காடர்களில் பலருடைய தாத்தா பாட்டி அப்படி நகர்ந்து போனவர்கள்தான். நம் அப்பாக்கள் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் முடிந்ததும் அவர்கள் இடம் போனதும் ஒரே கதை. நம் வீடுகளில் அதன் முதல் பாதியை மட்டும்தான் சொல்லி வளர்த்தார்கள்.

தமிழ்நாடு – கேரளா தண்ணீர் ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது, 1958 முதல் செல்லும் என்றார்கள். கேரளாவுக்கு எல்லையோர மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும் என்பது சின்னப் பையனுக்கும் மனப்பாடம். ஆனைமலையாற்றிலிருந்து நாம் கேட்கும் 2.5 டி.எம்.சி.யும் அதே ஒப்பந்தத்தில் இருப்பதுதான். 2019 செப்டம்பரில் இரண்டு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து இதைப் பேசிக் குழு போட்டார்கள். நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதற்கு முந்தின மாதம், ஆகஸ்ட் மழையில், வால்பாறைப் பக்கம் கல்லார்குடியில் மண் சரிந்து காடர்களின் வீடுகள் போயின. பக்கத்தில் தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டார்கள். பட்டா கைக்கு வர 2021 ஆனது. அதுவரை எஸ்டேட் லைன் வீடுகளில் கிடந்தார்கள். அந்தக் குழுவில் தமிழ்நாட்டுக்கு நாற்காலி, கேரளாவுக்கு நாற்காலி. அந்தக் காட்டிலேயே பிறந்தவனுக்கு ஒரு பலகைகூட இல்லை.

எல்லை அவர்களை என்ன பாடுபடுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேரளப் பக்கத்துக் காடர்கள் மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்துக் காடர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ஜனம், மாமன் மச்சான் உறவு, நடுவில் ஒரு எல்லைக் கல். நாம் அந்தப் பக்கம் பெண் எடுத்தால் நம் ரேஷன் கார்டு மாறுவதில்லையே!

2006 வன உரிமைச் சட்டத்தை நம்மில் பலர் நமக்கு எதிரான சட்டம் என்று நினைக்கிறோம். படித்துப் பாருங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன் சரியான மறுவாழ்வு இல்லாமல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மாற்று நிலம் உட்பட உரிமை உண்டு என்று பிரிவு 3(1)(m) சொல்கிறது. காட்டை வேறு வேலைக்கு எடுப்பதென்றால் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009-ல் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. 2013-ல் ஒடிசாவின் நியமகிரியில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் கேட்கச் சொன்னது. கேட்ட 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. வாழச்சாலில் 9 காடர் குடியிருப்புகளுக்குச் சேர்த்து 2014-ல் சமூக வன உரிமை கொடுத்தார்கள். அதே பகுதியில் திட்டமிட்ட 163 மெகாவாட் அதிரப்பள்ளி அணை எழும்பாமல் போனதற்கு அந்த ஜனங்களின் எதிர்ப்பும் ஒரு காரணம்.

"அப்போ கடைமடை காய்ந்தே கிடக்கட்டுமா?" என்று கேட்பீர்கள். என் தோப்பிலும் போன கோடையில் மட்டை தொங்கிப்போய்க் கிடந்தது, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவன்தான் நான். திட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மலை ஜனங்களிடம் கேட்காமல் திட்டத்தைக் கேட்காதீர்கள் என்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால், இருக்கிற கால்வாயில் கசிவை அடைப்போம், தென்னைக்குச் சொட்டு நீர் போடுவோம், தண்ணீர்த் திருட்டுக்கு நாமே காவல் நிற்போம். அதற்கெல்லாம் யாரையும் வீட்டை விட்டு எழுப்ப வேண்டியதில்லை.

சர்க்கார்பதிப் பக்கத்து மலசர் பெரியவர் ஒருவர் எங்கள் தோப்பில் பத்து வருஷம் வேலை பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாள் இறங்கிக் கை நனைத்து, "எங்க தண்ணி வந்திருச்சுங்க" என்பார். நான் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அவர் நிஜத்தைத்தான் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். நல்லாறு, ஆனைமலையாறு பகுதியில் சர்வே கல் நடுவதற்கு முன் அங்குள்ள ஒவ்வொரு குடியிலும் கிராம சபை கூட்டி, அவர்கள் பேச்சிலேயே திட்டத்தை விளக்கி, அவர்கள் முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். முந்தைய அணைகளுக்காக இடம் இழந்தவர்களின் வன உரிமை மனுக்களை முதலில் முடிக்க வேண்டும். இந்த இரண்டும் நம் மனுவில் ஏறும்வரை அதிலிருந்து என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள்.

முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
வேட்டைக்காரன்புதூர்க் கால்வாய் ஆயக்கட்டு விவசாயி ஒருவன்