விதி பிடிக்கவில்லை என்றால் சோம்பேறி என்று அர்த்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கதாபாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்யும் ஆட்டங்கள் இவை. ஆட்டக்காரர்கள் பல விதிகளை ஒதுக்கிவிட்டு விளையாடுகிறார்கள் என்று சொன்ன கட்டுரையாளர், தடித்த புத்தகத்தைப் படிக்கப் பொறுமை இல்லாததே அதற்குக் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிட்டார். வாரநாட்களில் கணக்குத் தணிக்கை செய்பவள் நான். ஓய்வு நாட்களில் ஒரு சிறு குழுவுக்கு இத்தகைய ஆட்டங்களை நடத்துகிறேன். அந்தத் தீர்ப்பின் மீது எனக்குச் சில ஆட்சேபங்கள் உண்டு.

எங்கள் குழுவில் விதிகளோடு அதிகம் சண்டை போடுபவர் யார் தெரியுமா? புத்தகத்தை வரி விடாமல் படித்தவர். எந்த மந்திரம் எத்தனை அடி தூரம் பாயும் என்பதை நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுவார். பகடையில் 1 விழுந்தால் வீரன் வாளைத் தவறவிட வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்கும் தோழனையே வெட்டிவிட வேண்டும் என்ற விதிதான் அவருக்கு ஆகாது. இவ்வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் (2014) அப்படி ஒரு விதியே கிடையாது. 1 விழுந்தால் தாக்குதல் குறி தவறும், அவ்வளவுதான். மீதியெல்லாம் குழுக்கள் சிரிப்புக்காகத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டவை. முதல் முறை சிரிப்பு வரத்தான் செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். இருபது முகப் பகடையில் 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். புதிய வீரன் பொதுவாக ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் தாக்குவான். அனுபவம் கூடி ஐந்தாம் நிலைக்கு வந்ததும் இரண்டு முறை, இருபதாம் நிலையில் நான்கு முறை. நான்கு முறை உருட்டினால் ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு சுமார் 18.5 சதவீதம். அதாவது வாள்வித்தையில் உச்சம் தொட்டவன், நேற்று வாளேந்தியவனைவிட ஒவ்வொரு சுற்றிலும் மும்மடங்குக்கும் மேலான ஆபத்தில் நிற்கிறான்! நெருப்புக் கோளம் எறியும் மந்திரவாதியோ தாக்குவதற்குப் பகடை உருட்டுவதே இல்லை. தப்பிக்க உருட்ட வேண்டியவர்கள் அவனுடைய எதிரிகள்தான். ஆகவே அந்த மந்திரத்தில் அவனுக்கு 1 விழும் ஆபத்தே இல்லை. வீரனாக ஆடுகிறவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இதைச் சோம்பல் என்பவரிடம் நான் எந்தப் பேரேட்டையும் ஒப்படைக்க மாட்டேன்.

சுமை விதி வேறு வகை. ஐந்தாம் பதிப்பில் சாதாரண உடலமைப்புள்ள ஒருவர் சுமக்கக்கூடிய எடை, அவருடைய வலிமை எண்ணைப் போல 15 மடங்கு பவுண்டு. கயிறு, தீப்பந்தம், உணவு என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்ட வேண்டும். நாளெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டு வந்து இங்கேயும் கூட்டல் என்றால் எனக்கு அலுத்துவிடுகிறது. ஆனாலும் இந்த விதியை மடத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது, பாதாளத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரும் புதையலே, பாத்திரம் நிலை உயர உதவும் அனுபவப் புள்ளிகளாக மாறியது. எவ்வளவு தங்கம் சுமப்பாய், சுமந்தால் எவ்வளவு மெதுவாக நடப்பாய், பூதம் துரத்தினால் எதைப் போட்டுவிட்டு ஓடுவாய் என்பதில்தான் ஆட்டத்தின் பாதி உயிர் இருந்தது. பின்னாளில் அனுபவப் புள்ளிகள் வேறு வழிகளில் வரத் தொடங்கின. எடைக் கணக்கு மட்டும் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. பழைய பாணியில் ஆடும் நண்பர் ஒருவர் இன்றும் அம்புகளையும் தீப்பந்தங்களையும் ஒன்றுவிடாமல் எண்ணுவார். கடைசிப் பந்தம் அணையப் போகிறது என்ற பயம் அவருக்கு வேண்டும். அவருடைய ஆட்டத்தில் அந்த விதி இல்லாவிட்டால்தான் குறை.

கட்டுரையாளர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெறும் தலைவலியாக இருந்த விதிகளும் உண்டு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒருவரைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். எண் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று அதைத் திருப்பிப் போட்டது. கழித்தல் தொல்லை ஒழிந்தது. ஆட்டத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை.

ஆனால் எளிய விதிகளும் சிலருக்குப் பிடிக்காமல் போகின்றனவே, அதற்கு அவர் என்ன சொல்வார்? ஃபேட் என்ற ஆட்டத்தில் ஒரு புள்ளியைச் செலவழித்து, இந்த மாளிகைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு என்று ஆட்டக்காரரே அறிவிக்கலாம். ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விதி. எங்கள் குழுவில் நாடகங்களில் நடித்துப் பழகிய ஒருவருக்கு இது அறவே பிடிக்காது. “நான் இருட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும் திருடன். நான் வாசலைத் தேடுவேனா, வாசலைக் கட்டுவேனா?” என்று கேட்டார். அவர் பாத்திரத்துக்குள்ளேயே இருக்க விரும்புகிறார். அந்த விதி அவரை வெளியே இழுத்துக் கதாசிரியர் நாற்காலியில் உட்கார வைக்கிறது. இன்னொருவருக்கு அந்த நாற்காலிதான் ஆட்டத்தின் இன்பமே.

ஆட்டத்தை நடத்துகிறவருக்கும் வெறுப்புகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் உருவாக்கி 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை 7 முதல் 9 வரை வந்தால் பெரும்பாலும் வெற்றி கிடைக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கும். பாத்திரத்தின் திறனுக்காகக் கூட்டவோ கழிக்கவோ எதுவும் இல்லாவிட்டால் இது 36க்கு 15 என்ற வீதத்தில் வரும். அந்த விலையைப் பல நேரங்களில் நடத்துகிறவர்தான் அந்த நொடியிலேயே கற்பனை செய்ய வேண்டும். அருமையான விதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு அது அருமையாகத் தெரிவதில்லை.

எங்கள் குழுவில் இன்றும் தீராத வழக்கு, பேசி மசியவைப்பதற்குப் பகடை வேண்டுமா என்பது. நம் நாடகக்காரர் சிறைக்காவலனிடம் கண்ணீர் வரும்படி மன்றாடினார். பகடையில் 3 விழுந்தது, காவலன் அசையவில்லை. பேசியது வீணா என்று அவர் கொதித்தார். அதே குழுவில் புதியவர்களிடம் இரண்டு வாக்கியம் பேசவே தயங்கும் ஒருவர் தூதன் பாத்திரம் ஏற்றிருக்கிறார். வாள் பிடிக்கத் தெரியாதவர் வீரனாகலாம் என்றால், பேச வராத நான் தூதனாகக் கூடாதா என்பது அவருடைய கேள்வி. அவருக்குப் பகடைதான் நாக்கு. நன்றாகப் பேசினால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று சமரசம் செய்து பார்த்தேன். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் 50 சதவீத வாய்ப்பு இதனால் 75 ஆகிறது. மறுபடியும் வாயுள்ளவருக்கே பரிசு என்றார் தூதர். நியாயமான ஆட்சேபம். இனி என்ன சொன்னார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்படிச் சொன்னார் என்பதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கைதியின் தாய் நோயில் கிடக்கிறாள் என்று காவலனுக்குத் தெரிவித்தால் போதும், உருக வேண்டியதில்லை. நாடகக்காரர் இதற்கு ஒப்புவாரா என்பது சந்தேகம்தான்.

இப்படிக்கு,
தணிக்கைப் பணியில் இருக்கும் ஒரு வாசகி