வேலிகாத்தான் வேரும் வண்டிச் சங்கிலியும்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் அனைவரும் நலம். தம்பி பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், மாடு மேயும் மேற்காலக் கொறங்காட்டில் மண்டிக் கிடக்கும் வேலிகாத்தானை அதில் சங்கிலி கட்டி வேரோடு பிடுங்கிவிடலாம் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பதாகவும் அம்மா சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள்.

நாங்கள் வாங்கிய வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மெஸ்கீட் என்னும் முள்மரம். பார்த்தவுடன் எனக்கு நம் காடுதான் நினைவுக்கு வந்தது, ஏனென்றால் இது நம் வேலிகாத்தானின், அதாவது சீமைக்கருவேலத்தின், பங்காளி. அதே இலை, அதே நெற்று, அதே முள். மாடு வளர்க்கும் இந்த ஊர்க்காரர்களும் புல் முளைக்க விடுவதில்லை என்று நம்மைப் போலவே இதைத் திட்டுகிறார்கள். வெட்ட வெட்டத் துளிர்ப்பதற்குக் காரணம், நிலமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ ஓரடி வரை அடித்தண்டில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள். அந்த ஓரடித் தண்டு மேலே வந்துவிட்டால் போதும். அதற்குக் கீழே ஆழத்தில் ஓடும் ஆணிவேர் முழுவதையும் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. இது தெரியாமல்தான் வண்டியைப் போட்டு வதைக்கிறோம்.

சென்ற மார்கழியில் நானும் அதைத்தான் செய்யப் போனேன். டிரெய்லர் மாட்டுவதற்காக வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில் சங்கிலியைச் சுற்றி, சங்கிலியைத் தளர்வாகக் கிடக்க விட்டு, ஓர் ஓட்டம் ஓட்டி வெடுக்கென்று இழுக்கலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். எழுபது வயதைத் தாண்டிய பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். எஞ்சினை அணைத்த பிறகுதான் பேசினார். அந்த உருண்டை ஒற்றைத் தண்டின்மேல் நிற்பது. வெடுக்கென்று இழுத்தால் தண்டு முறிந்து உருண்டை குண்டுபோலப் பறக்கும். அப்படிப் பறந்து உயிர் போனவர்கள் உண்டு என்றார். பம்பரும் அதே போலத்தான், பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்துப் போல்ட் போட்ட கொக்கியில் மட்டுமே சங்கிலியை மாட்ட வேண்டும்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியின் எடை ஏறத்தாழ இரண்டரை டன். சங்கிலியை இறுக வைத்து மெதுவாக இழுக்கும்போது, மண்ணில் டயர் பிடிக்கும் அளவுக்குத்தான் இழுவை கிடைக்கும். அது ஒன்றேகால் டன், மிஞ்சினால் ஒன்றரை டன். அதற்கு மேல் போனால் சக்கரம் சுழலுமே தவிர எதுவும் அறாது. அதே வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சங்கிலி விறைத்து 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், அந்தக் கணத்தில் சங்கிலியின்மேல் சராசரியாக 10 டன் அளவுக்கு விசை விழுகிறது. என்னிடம் இருப்பது கிரேடு 70 என்று முத்திரை குத்திய 3/8 அங்குலச் சங்கிலி; அதன் வேலைப் பளு, அதாவது பத்திரமாக ஏற்றக்கூடிய பாரம், 6,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3 டன். ஆகவே மெதுவாக இழுத்தால் வண்டியால் சங்கிலியை அறுக்க முடியாது, வெடுக்கென்று இழுத்தால் அறுத்துவிடக்கூடும். தம்பி இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் எனக்குப் போதும். நைலான் கயிறு இருக்கிறதே என்று அவன் சொல்லக்கூடும். அது நீண்டு விசையைத் தன்னுள் சேர்த்து வைத்துக்கொண்டு, அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும், வேண்டவே வேண்டாம்.

அப்பாரு எருது பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், வடக்கயிற்றை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் எருதுகளைப் பூட்டுவார் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் இப்போது சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்க்கிறேன்; நீண்டதோ கீறல் விழுந்ததோ ஒரு கண்ணி இருந்தாலும் அந்தச் சங்கிலியைத் தொடுவதில்லை.

சென்ற வாரம் பிடுங்கிய அடிமரத்தைச் சொல்கிறேன். கிளைகளைக் கழித்து, இடுப்பளவு மட்டும் நிற்கவிட்டு வெட்டினேன், ஏனென்றால் அந்த உயரம்தான் நெம்புகோல். தரையோடு தரையாக வெட்டிவிட்டால் பிடியே இருக்காது. முதல் நாள் மாலை சுற்றிலும் ஒன்றரை அடிக்குக் குழி பறித்துத் தண்ணீர் விட்டேன். மறுநாள் இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்து வேர்களைக் கோடரியால் வெட்டி, மேல்முனைக்குச் சற்றுக் கீழே ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் செதுக்கி, அதில் சங்கிலியைப் பதித்தேன். சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கு இரண்டு போட்டேன். அறுந்தாலும் அதன் பாரம் சங்கிலியைக் கீழே அழுத்தும். சங்கிலி 20 அடி; மனைவியும் பிள்ளைகளும் அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால், வீட்டுக்குள். லோ கியரில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். சங்கிலி தரையைவிட்டு எழுந்து இறுகியது, குழிக்குள்ளிருந்து துணி கிழிவது போன்ற சத்தம் வந்தது, வண்டி நின்றுவிட்டது. மேலும் அழுத்தாமல் தளர்த்திவிட்டு இறங்கிப் பார்த்தால், பக்கவாட்டில் மணிக்கட்டு மொத்தத்துக்கு ஒரு வேர் பிடித்துக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டு மறுபடி இழுத்தபோது, ஆணிவேர் முறிந்து அடிமரம் பொறுமையாகச் சாய்ந்தது.

இங்கே மண்ணைத் தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். கட்டணமில்லாமல் ஆள் வந்து, மின்கம்பிக்குச் சிவப்பு, எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம் என்று தரையில் அடையாளம் இட்டுப் போவார்கள். நம் காட்டில் கிணற்றிலிருந்து சாளை வீட்டுக்கு வரும் குழாயும் மோட்டார் கேபிளும் எங்கே போகின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். சுண்ணாம்பால் கோடு போட்டுத் தம்பிக்குக் காட்டுங்கள்.

கிளுவை உயிர்வேலிக்குள் முளைத்திருப்பவற்றில் சங்கிலி போட வேண்டாம். வேர்கள் பின்னிக்கிடப்பதால் கிளுவையும் சேர்ந்து வந்துவிடும், பிறகு அந்த வேலியைக் கட்ட எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவற்றைக் கடப்பாரையாலேயே எடுக்க வேண்டும். கிணற்று மேட்டில் நிற்கும் இரண்டு மரங்களின் பக்கம் வண்டி போகவே கூடாது. ஒரு சாணுக்கு மேல் தடித்தவற்றை ஜேசிபிக்கு விட்டுவிடுங்கள். அந்த வாடகை சங்கிலி விலையைவிட அதிகம்தான், ஆனாலும் அதுதான் சரி. நாட்டு மரமான வெள்வேலின் கன்றுகளையும் தெரியாமல் பிடுங்கிவிட வேண்டாம். தம்பியின் வண்டி பின்சக்கரத்தில் மட்டும் இழுப்பது. காலியாக இருந்தால் டயர் பிடிக்காது, மணல் மூட்டை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். முள்ளை முதலிலேயே கூட்டி ஒதுக்காவிட்டால் டயர் பஞ்சராகிவிடும்.

மண் காய்ந்து கிடக்கும் இந்த மாசியில் தொடங்காமல், ஒரு கோடை மழை பெய்யும்வரை பொறுத்திருங்கள். அதற்குள் தம்பி வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸில் கொக்கி போட்டிருக்கும் இடத்தையும் அதன் போல்ட்டுகளையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பட்டும். பார்த்துவிட்டு, எந்த அளவுச் சங்கிலி வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன். இழுக்கும் அன்று நீங்கள் சங்கிலிக்குப் பக்கத்தில் நிற்காமல், தம்பியின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், முப்பது அடிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் நின்று கை காட்டுங்கள்.

அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்