நோயாளி கண்ணுறங்க ஒரு வார்டு: நம் செவிலியர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த செவிலியர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டின் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் முறையாகக் கூடியது. பணி ஓய்வு பெற்ற உறுப்பினர்களுக்குப் பாராட்டு விழா நடத்தினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். வழக்கமான செய்திகளை இத்துடன் நிறுத்திக்கொண்டு, இவ்வாண்டு நாம் கையில் எடுத்த ஒரு வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மே 12 செவிலியர் தினத்தன்று மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுத்தோம். அன்று ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கை ஆண்டுதோறும் ஏற்றுகிறோம். அவர் வற்புறுத்திச் சொன்ன அமைதி நம் வார்டில் இருக்கிறதா?" என்று கேட்டார். 1859இல் செவிலியப் பணி பற்றி எழுதிய நூலில் சத்தத்துக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியவர் அவர். நோயாளியின் அறைக்கு வெளியே நின்றுகொண்டு தணிந்த குரலில் நெடுநேரம் பேசுவதை அதில் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். பேச்சு தன்னைப் பற்றியதுதான் என்று நோயாளிக்குத் தெரியும். ஒரு சொல்லாவது காதில் விழாதா என்று தவித்துக் கிடப்பார். நம் வராந்தாக்களில் அன்றாடம் நடப்பது இதுதான். அந்தக் கேள்வியிலிருந்துதான் இவ்வாண்டின் 'அமைதி வார்டு' பணி பிறந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நோயாளிகள் தங்கும் அறைகளில் சராசரிச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி செய்கின்றன; அங்கே இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. சாலையில் ஹாரன் அடிப்பவரைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. வார்டுக்குள் எழும் சத்தத்துக்கு நாம்தான் பொறுப்பு.

உறுப்பினர்கள் தத்தம் வார்டில் இரவு முழுவதும் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலோர் நோயாளியின் உறவினர்களைத்தான் குறை சொல்லப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தோம். குறிப்பேடுகளைப் பிரித்துப் பார்த்தால், ஒரு சக்கரம் கோணலாகிப் போன மருந்து டிராலி, தொட்டியில் 'டங்' என்று விழும் எவர்சில்வர் கிண்ணம், சிமெண்டுத் தரையில் இழுபடும் இரும்பு ஸ்டூல், நோயாளியின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் மானிட்டரின் ஒருவரும் அணைக்காத அலறல், பணி மாறும் நேரத்தில் நம்முடைய பேச்சு ஆகியவைதான் பக்கம் பக்கமாக இருந்தன. விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட்டிப் பெருக்குவதற்காக எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் போடுவதைப் பலரும் எழுதியிருந்தார்கள். வலியோடு புரண்டு புரண்டு நாலு மணிக்குத்தான் கண் அயர்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை!

சரிசெய்யப் பெரிய செலவு ஆகவில்லை. டிராலிச் சக்கரங்களில் சுற்றியிருந்த தலைமுடியையும் பஞ்சு நூலையும் கத்தரியால் வெட்டி எடுத்து, மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் கிரீஸ் போட்டுக் கொடுத்தார். ஸ்டூல் கால்களுக்கு ரப்பர் மூடி வாங்கினோம். கிண்ணம் கழுவும் தொட்டியில் ஒரு ரப்பர் விரிப்பு. மானிட்டர் விஷயம் மட்டும் எளிதாக இல்லை. அதன் ஒலியைக் குறைத்து வைப்பது ஆபத்து. அதை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம். மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோடுகளைத் தோலைத் துடைத்து உலர்த்திய பின் நாள்தோறும் புதிதாக ஒட்டுவது, அந்தந்த நோயாளிக்கு ஏற்ற எச்சரிக்கை வரம்பை மருத்துவரிடம் கேட்டு அமைப்பது ஆகிய இரண்டையும் பழக்கமாக்கினோம். பொய் எச்சரிக்கை குறைந்தால்தான் மெய்யான எச்சரிக்கைக்கு நம் காது உடனே திரும்பும்.

இரவு வேலைகளைச் சேர்த்துச் செய்வதும் நல்ல பலன் தந்தது. ரத்த அழுத்தம் பார்க்க ஒரு முறை, ஊசி போட ஒரு முறை, டிரிப் மாற்ற ஒரு முறை என்று எழுப்பாமல், நிலை சீராக உள்ள நோயாளிக்கு மருத்துவரின் ஒப்புதலோடு ஒரே நேரத்தில் முடித்துவிடுகிறோம். மணிக்கொரு முறை பார்க்க வேண்டியவரை அப்படியே பார்க்கத்தான் வேண்டும். தூக்கம் கெடும் என்று கவனிப்பைக் குறைக்க இடமே இல்லை.

ஓர் உறுப்பினர் செயற்குழுவில் சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர், இரண்டாம் இரவு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார், டிரிப் குழாயைப் பிடுங்கினார், "யார் நீங்கள் எல்லாம்?" என்று கத்தினார். கையைக் கட்டிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. நம் உறுப்பினர் முதலில் மருத்துவரை அழைத்து ஆக்சிஜன், சர்க்கரை, சிறுநீர் அடைப்பு எல்லாவற்றையும் பார்க்க வைத்தார். பிறகு மகளிடம், "அப்பா கண்ணாடி போடுவாரா?" என்று கேட்டார். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் தொலைந்துவிடும் என்று பயந்து மகள் அவற்றைத் தன் பைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார். இரண்டையும் மாட்டிவிட்டு, அவர் கண்ணில் படும்படி ஒரு கடிகாரத்தை வைத்து, "ஐயா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ராத்திரி இரண்டு மணி. உங்கள் மகள் இதோ இருக்கிறார்" என்று முகத்துக்கு நேரே நின்று சொன்னார். அரைத் தூக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் அமைதியானார். முதியவர்களுக்கு வரும் இந்தத் திடீர் மனக்குழப்பத்துக்குக் காரணம் பல இருக்கலாம்; அதனால்தான் மருத்துவப் பரிசோதனை முதலில். ஆனால் பார்வையும் செவியும் பறிபோன நிலையில், இரவும் பகலும் தெரியாத அறையில் யாராக இருந்தாலும் மிரண்டுதான் போவார்கள். இன்று நம் உறுப்பினர்கள் பணியாற்றும் வார்டுகளில், கண்ணாடியும் காதுக்கருவியும் எங்கே என்று பணி ஒப்படைக்கும்போதே கேட்கிறோம்.

பிரசவ அறையில் பணிபுரியும் சகோதரிகள் திரைச்சீலை கேட்டார்கள். ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் தாங்களே தைத்துக் கொடுத்தார்கள். ஒன்று சலவைக்குப் போனால் மற்றொன்று தொங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு. மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம், பிரசவிக்கும் பெண்ணை மரியாதையோடு நடத்துவதையும் தரத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறது. வலியில் கத்தும் பெண்ணை அதட்டும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை என்பதை இந்தச் சபையில் வேதனையோடு சொல்கிறேன். அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நின்று முதுகை நீவிவிட்டால், பிரசவ நேரம் குறைவதும் இயல்பான பிரசவம் கூடுவதும் ஆய்வுகளில் நிரூபணமானவை.

பச்சிளங்குழந்தைப் பிரிவில், சிசுவை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரின் கூரைமேல் கேஸ் ஷீட்டையோ பாட்டிலையோ வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். நமக்குச் சின்னச் சத்தமாகப் படுவது, உள்ளே இருக்கும் சிசுவுக்குக் கதவை அறைந்தது போல. கங்காரு முறைக்கும் ஒரு பயிற்சி நடத்தினோம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் பிறந்த முறை இது. எடை குறைவாகப் பிறந்த குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்தால் இறப்பு 25 சதவீதம் குறைவதாக, இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2021இல் காட்டியது. தாய் சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி வேண்டும். அதற்கான நன்கொடையைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வார்டில் உடைந்த கட்டில்களையும் பழைய பீரோவையும் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்தார்கள். நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு அகற்ற வைத்தோம். இப்போது அங்கே படுத்திருப்பவர்கள் வேப்பமரத்தைப் பார்க்கிறார்கள். இது அழகுக்காகச் செய்ததல்ல. ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

அந்த ஆய்வு நடந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். அதே மாநிலத்தின் மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த இன்னொரு ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளி ஒருவர் கூடினால், அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது அது. மரம் தெரியும் ஜன்னலைப் பாராட்டுகிற நிர்வாகங்கள் இந்தக் கணக்கையும் படிக்க வேண்டும். பொது வார்டில் போதனா மருத்துவமனைக்கு மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளுக்கு ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. ஒருவரே ஒரு வார்டு முழுவதையும் இரவில் பார்க்கும்போது, நிதானமாக நின்று "ஐயா, இப்போது மணி இரண்டு" என்று சொல்ல அவருக்கு ஏது நேரம்? ஓடிக்கொண்டே இருப்பவரின் குரல் உயரத்தான் செய்யும். நோயாளிக்கு நிம்மதி வேண்டுமென்றால் செவிலியருக்கு நிற்க நேரம் வேண்டும். இதை நம் சொந்தக் கோரிக்கையாக மட்டும் யாரும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனவே வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்மொழிபவை: காலிப் பணியிடங்களை நிரப்பக் கோரி மாவட்ட நிர்வாகத்திடம் மனு அளிப்பது, இரவுப் பணியாளர்களுக்குப் பூட்டக்கூடிய ஓய்வறையும் வாசலில் காவலரும் கேட்பது, விடியற்காலைத் துப்புரவு நேரத்தை ஆறு மணிக்குத் தள்ளிவைக்கத் துப்புரவுப் பணியாளர்களோடு கலந்து பேசுவது. அவர்களுக்கும் பஸ் நேரம், வீட்டு வேலை என்று நெருக்கடி உண்டு. அவர்களைக் கேட்காமல் முடிவு எடுப்பது முறையல்ல.

திரைச்சீலை தைத்த மூத்த சகோதரிகளுக்கும், கிரீஸ் போட்டுக் கொடுத்த பணியாளருக்கும், குறிப்பேடு எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் முன்மொழிவுகளையும் பொதுக்குழு விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்